தாம்பரத்துச் சிவப்புத் தரையும் ஆத்தங்குடிப் பயணமும்

வீட்டு அலங்காரம் என்றால் திரைச்சீலையைப் பற்றிப் பேசுவோம், சுவர் வர்ணத்தைப் பற்றிப் பேசுவோம். தரையைப் பற்றி யார் பேசுகிறோம்? காலையில் எழுந்ததும் முதலில் நம் கால் படுவது அதன் மேல்தான். குழந்தை தவழ்வதும் அதில்தான், வயதானவர்கள் வழுக்கி விழுவதும் அதில்தான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கூட்டி, ஒரு தடவை துடைக்கிறோம். ஆனாலும் அதை நின்று பார்த்ததில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், போன வருஷம் வரை.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. 1979-ல் என் மாமனார் கட்டியது. அப்போது மூன்று படி ஏறித்தான் வராந்தாவுக்குப் போக வேண்டுமாம். நான் 2002-ல் மருமகளாக வந்தபோது இரண்டு படிதான் மிச்சம். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போனார்கள். ரோடு ஏறிக்கொண்டே வந்தது, வீடு இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் தெருவிலிருந்து ஒரு படி கீழே இறங்கி எங்கள் வீட்டுக்குள் வரவேண்டிய நிலைமை! தென்சென்னைப் புறநகரில் பழைய வீட்டில் குடியிருக்கிற சகோதரிகளுக்கு இது புதுக்கதை இல்லை.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெரு கொஞ்சம் மேடு. அப்படியும் கூடத்தில் ஒன்றேகால் அடித் தண்ணீர். அரிசி டிரம், பீரோவின் கீழ்த்தட்டுப் புடவைகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், எல்லாம் போச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது. அன்று ராத்திரி முழுக்க டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் என் கணவர், "இனிமே முடியாது. தரையை ஏத்திடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு எங்கள் கை தாங்காது. கூரை பத்தரை அடி உயரம் இருந்ததால், உள்ளே ஒன்றரை அடி கிராவல் கொட்டி மேடாக்கிப் புதுத் தரை போடலாம் என்று மேஸ்திரி சொன்னார். கதவு நிலைகளைப் பெயர்த்து மேலே ஏற்ற வேண்டும், ஜன்னல்கள் இடுப்பளவுக்கு வந்துவிடும். பரவாயில்லை என்று தீர்மானித்தோம்.

அப்போதுதான் மாமியார் பேசினார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. "அப்போ என் தரை?" என்றார்.

எங்கள் வீட்டுத் தரை சிவப்புத் தரை. சிமெண்டுடன் காவிப் பொடி கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இழைத்த பழைய காலத்துத் தரை. ரெட் ஆக்ஸைடு என்று சொல்வார்களே, அது இரும்பின் ஆக்ஸைடுதான். அதனால்தான் எத்தனை வருஷமானாலும் அந்தச் சிவப்பு வெளுப்பதில்லை. மொசைக் போடக் காசு போதாமல் மாமனார் இதைப் போட்டாராம். கொத்தனார் தேய்த்துவிட்டுப் போனபின், ஈரச் சாக்கைப் பரப்பி வாரக்கணக்கில் தண்ணீர் தெளித்தது மாமியாராம். அப்போது என் கணவர் கைக்குழந்தை. பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு அது. மாமனார் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"உடைக்க மாட்டோம் அத்தை, மேலேதான் மண்ணு கொட்டுவாங்க" என்றேன்.

"உடைக்கலைன்னா என்ன, புதைக்கிறதுதானே?" என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் முதல் டைல்ஸ் கடை ஏறி இறங்கினோம். குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டிலும், வேளச்சேரி மெயின் ரோட்டில் மேடவாக்கம் வரையிலும் எத்தனை கடைகள்! உள்ளே போனால் கண் கூசுகிறது. என் மகனுக்கும் இவருக்கும் நாலடிக்கு இரண்டடி வெள்ளை ஓடு பிடித்துப் போயிற்று. பளிங்கு மாதிரி சாம்பல் கோடு ஓடி, முகம் பார்க்கலாம் போல மின்னியது. "ஓட்டல் மாதிரி இருக்கும்மா" என்றான் மகன். எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

கடைக்காரர் பொறுமையாக வித்தியாசம் சொல்லிக் கொடுத்தார். செராமிக் ஓடு தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும், சுவருக்கு அது போதும். விட்ரிஃபைடு ஓடு அதிகச் சூட்டில் வெந்து கெட்டிப்பட்டது. நூறு கிராம் ஓடு அரை கிராம் தண்ணீர் கூட இழுக்காது. அதனால் கறை படியாது, தரைக்கு ஏற்றது. பெரும்பாலும் குஜராத்தில் மோர்பி என்ற ஊரிலிருந்து லாரி லாரியாக வருகிறதாம். பளபளப்பானதுக்கு கிளாஸி, மங்கலானதுக்கு மேட், சொரசொரப்பானதுக்கு ஆன்டி ஸ்கிட் என்று பெயர்.

வெள்ளை ஓட்டுக்கே முன்பணம் கொடுக்க இருந்த சமயத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. என் நாத்தனாரின் ஃபிளாட்டில் இதே மாதிரி வெள்ளைப் பளபளத் தரை. பேத்தி தவழ ஆரம்பித்திருக்கிறாள் என்று பார்க்கப் போன மாமியார், சமையலறை வாசலில் சிந்திக் கிடந்த ஒரு கைத் தண்ணீரில் கால் வைத்து விழுந்துவிட்டார். நல்ல வேளை, இடுப்பு எலும்பு தப்பியது. மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டோடு உட்கார்ந்துகொண்டு அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. "வழுக்குறது எல்லாத் தரையும்தான் வழுக்கும். நம்ம சிவப்புத் தரையில தண்ணி கிடந்தா கருப்பாத் தெரியும், ஒதுங்கிப் போவேன். அந்த வெள்ளையில தண்ணி இருக்கறதே தெரியலைடி." யோசித்துப் பார்த்தேன், எவ்வளவு உண்மை! வெள்ளைப் பளபளப்பில் தண்ணீரும் பளபளக்கிறது, தரையும் பளபளக்கிறது. கண் ஏமாந்து போகிறது. வயதான கண்ணுக்குச் சொல்லவே வேண்டாம்.

அந்த வார வெள்ளிக்கிழமை பழைய தேக்கு நிலை கிடைக்குமா என்று பார்க்கப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் நடக்கும் சந்தை. ஊசி முதல் உடைந்த நாற்காலி வரை, ரோஜாச் செடி முதல் பழைய ரேடியோ வரை கிடைக்கும். அங்கே ஒரு பழைய சாமான் வியாபாரியிடம், எங்கோ இடித்த வீட்டின் பூ போட்ட ஓடுகள் நாலைந்து இருந்தன. பச்சையும் மஞ்சளுமாய்க் கோலம் மாதிரி. கை வைத்தேன், சில்லென்றிருந்தது. "ஆத்தங்குடிக் கல்லும்மா. சிமெண்டுதான். சூளையே கிடையாது" என்றார். சிமெண்டும் நிறப் பொடியும்தானா? அப்படியானால் இது எங்கள் வீட்டுச் சிவப்புத் தரையின் பங்காளி ஆயிற்றே!

இங்கே பல்லாவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தையில் வாங்கிய ஓட்டைப் பார்த்துவிட்டுக் கல்லூரியில் படிக்கிற என் மகள் சொன்னது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் பழைய கற்கால மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தது இந்தப் பல்லாவரத்தில்தானாம். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு 'சார்னோகைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை ஏற்படுத்திய ஜாப் சார்னக்கின் சமாதிக் கல்லும் இதே வகைப் பாறை என்பதால், 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்பவர் அந்தப் பெயரை வைத்தார். நாம் தினமும் மின்சார ரயிலில் தாண்டிப் போகிற குன்றுகளுக்குப் பின்னால் இவ்வளவு கதை! குஜராத்து ஓட்டை விரிக்கப்போகிற நம் வீட்டுக்கு அடியில் கிடக்கிறது உலகம் அறிந்த ஒரு கல்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு, "ஆத்தங்குடி போய் நேரில் பார்த்துவிட்டு வரலாமா?" என்று இவரிடம் கேட்டேன். "தரைக்காக ஊர்ப் பயணமா?" என்று சிரித்தார். மாமியார் உள்ளேயிருந்து, "நானும் வர்றேன்" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

தாம்பரத்தில் மத்தியானம் பல்லவன் ரயில் ஏறினால் ராத்திரி காரைக்குடி. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனோம். விடுதியில் தங்கிவிட்டு, காலையில் ஒரு கார் பேசிக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் செம்மண், முந்திரிக் காடு, அதற்கு நடுவே திடீர் திடீரென்று அரண்மனை மாதிரி செட்டிநாட்டு வீடுகள். பர்மாவிலும் மலேயாவிலும் வியாபாரம் செய்த நகரத்தார், பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து பளிங்கும், ஜப்பானிலிருந்து பூ ஓடும் தருவித்துக் கட்டிய வீடுகள். இரண்டாம் உலகப் போர் வந்து பர்மா வியாபாரம் முறிந்த பிறகு பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆத்தங்குடியில் 'லட்சுமி வீடு' என்ற பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். அண்ணாந்து உத்தரத்து வேலைப்பாட்டைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நாங்கள் மூவரும் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நடந்தோம்!

அதன் பின் ஓடு செய்யும் பட்டறை. சகோதரிகளே, செட்டிநாடு போனால் இதை மட்டும் தவற விடாதீர்கள். மிஷின் சத்தம் இல்லை, புகை இல்லை. கொட்டகைக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்து கையால் செய்கிறார்கள். முதலில் ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம். உள்ளே பூ வடிவத் தகட்டு அச்சை வைத்து, ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறமாக நீர்த்த சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். தோசை மாவு வார்ப்பது போலத்தான். அச்சை அலுங்காமல் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது. அதன் மேல் உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு அழுத்தி மட்டம் தட்டுகிறார்கள். மணல் அந்த ஊர் மணல். காய்ந்த பிறகு தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊற வைத்து, வெயிலில் காய வைத்ததும் கண்ணாடி தானாகக் கழன்று வருகிறது. கண்ணாடியின் வழவழப்புத்தான் ஓட்டின் வழவழப்பு. மெருகு எண்ணெய் கிடையாது, சூளை கிடையாது.

மாமியார் பட்டறையின் ஓரத்தில் அடுக்கியிருந்த வெறும் சிவப்பு ஓடுகளின் பக்கம் போய்விட்டார். பூ ஒன்றும் இல்லாத ஓடு. செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே கிடந்த ஒன்றின் மேல் காலை வைத்து நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வேலை செய்துகொண்டிருந்தவரிடம், "கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்று வாங்கி அதன் மேல் தெளித்தார். தண்ணீர் பட்ட இடம் கருஞ்சிவப்பாய்த் தெரிந்தது. என்னைப் பார்த்தார். "இது போதும்" என்றார்.

ஆசைப்பட்டு வீடு முழுக்க இதையே போட்டுவிட முடியாது. எங்களுக்குத் தெரிந்தவரை யோசித்து ஒவ்வொரு அறைக்கும் ஒன்றாகப் பிரித்தோம். மாமியார் அறைக்கும் பூஜை அறைக்கும் ஆத்தங்குடிச் சிவப்பு, ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை பூ. கூடத்துக்கு மேட் விட்ரிஃபைடு, மகனுக்காக நாலடிக்கு இரண்டடி, ஆனால் சந்தன நிறம். சமையலறையில் எண்ணெய், புளி, எலுமிச்சை எல்லாம் சிந்தும். புளிப்பு சிமெண்டை அரிக்கும் என்பதால் ஆத்தங்குடி அங்கே சரிப்படாது, அங்கும் மேட் ஓடுதான். குளியலறைக்குச் சொரசொரப்பான சிறிய ஓடு. ஓடு சிறியதாக இருந்தால் இடுக்குகள் அதிகம், காலுக்குப் பிடிப்பும் அதிகம்.

கிராவல் கொட்டுவதற்கு முந்தின நாள், மாமியார் கூடத்துச் சிவப்புத் தரையைக் கடைசியாக ஒரு தடவை துடைத்து, பூஜை அறையில் மாக்கோலம் போட்டார். நானும் கூட ஒரு இழை போட்டேன். அந்தக் கோலத்தின் மேலேதான் மண் விழுந்தது. திமிசு அடிக்கிற சத்தம் கேட்க வேண்டாம் என்று, அன்று அவரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

வேலையின்போது பட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

மண்ணை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. அரையடி கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு அடித்து, பிறகு அடுத்த அரையடி. இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் தரை உள்வாங்கும். கரையான் மருந்தும் அப்போதே அடித்துவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த ஓட்டைக் கீழே போடச் சொல்லி, நாலு சொட்டு விட்டு, செருப்பைக் கழற்றி நின்று பாருங்கள். கால் வழுக்குகிறதா, தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று இரண்டையும் கவனியுங்கள்.

அளந்ததற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். வெட்டில் வீணாகும், பின்னாளில் உடைந்தால் மாற்றவும் வேண்டும். பெட்டிகளில் தயாரிப்பு எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே இறக்குங்கள். நாங்கள் குளியலறை ஓட்டுக்கு அதைப் பார்க்கவில்லை. பாதி ஓடு பால் வெள்ளை, பாதி மோர் வெள்ளை! பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

குளியலறையிலும் சமையலறையிலும் வாட்டம் முக்கியம். ஓடு ஒட்டிய மறுநாளே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள் என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னாலே ரசமட்டத்தை ஒரு தடவை கூடுதலாக வைத்துப் பார்ப்பார்கள். ஓட்டை நாணயத்தால் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் அடியில் கலவை சேரவில்லை என்று அர்த்தம், பாரம் விழுந்தால் விரியும்.

ஆத்தங்குடி ஓட்டைச் சாய்த்து நிறுத்தி, வைக்கோல் வைத்துத்தான் லாரியில் ஏற்ற வேண்டும். எங்களுக்கு அப்படியும் ஏழெட்டு விளிம்பு உடைந்து வந்தது. போட்ட புதிதில் வெள்ளையாக உப்புப் பூக்கும், பயப்பட வேண்டாம். துடைக்கத் துடைக்கப் போய்விடும். ஆசிட், பினாயில் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு நன்றாகத் தேய்த்து உலர விட்டால் போதும். நடக்க நடக்க மெருகேறும்.

தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் தரை மிகவும் சொரசொரப்பாகவும் இருக்கக் கூடாது, முழங்கால் தேய்ந்துவிடும். மேட் ஓடு நடுத்தரம். நாத்தனாரின் பேத்தி எங்கள் கூடத்தில் தவழ்ந்து பரீட்சை வைத்துப் பாஸ் போட்டுவிட்டாள். மணிக்கணக்கில் சமையலறையில் நிற்கிற நாமும், எந்தத் தரையானாலும் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்வது முழங்காலுக்கு நல்லது.

செலவு நினைத்ததற்கு மேல்தான் ஆயிற்று. என் இரண்டு வளையல்கள் இன்னும் பாங்கில்தான் இருக்கின்றன. ஆனால் இந்த ஐப்பசி கார்த்திகை மழையில் நான் டார்ச் லைட்டோடு வாசலில் உட்காரவில்லை. தெருவிலிருந்து வராந்தாவுக்கு மறுபடியும் படி ஏறுகிறோம். 

மாமியார் தன் அறைக்குக் குடி வந்த அன்று சாயங்காலம், காபி டம்ளரோடு உள்ளே போனேன். சிவப்புத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கைத் தண்ணீர் சிந்திக் கிடந்தது.

"ஐயோ அத்தை, எழுந்துக்காதீங்க, துடைச்சிடறேன்" என்று ஓடினேன்.

"நான்தான் ஊத்தினேன்" என்றார். "தெரியுதான்னு பார்த்தேன். நல்லாத் தெரியுது."